பிழைக்கும் நாட்டைப் பற்றிப் பேசும் பேச்சு

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும், சாட்சியத்தை மறைப்பது பெரும் பாவம் என்பதும் நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடமே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சபுராளியின் நாவுதான் அந்த இடம்.

கடல் கடந்து போய்ப் பொருள் ஈட்டுகிறவர் தமக்குச் சோறு போடும் நாட்டைப் பற்றி எதைப் பேசலாம்? எதுவரை பேசலாம்? அந்நாட்டுச் செய்திகளையும், அந்நாட்டாரின் பழக்க வழக்கங்களையும், அவர்களுடைய குறை நிறைகளையும் அவர் எடை போடுவது நன்றி கெட்டதனமா, அல்லது அவருக்குரிய உரிமையா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். வீட்டுக்கு ஒருவர் துபையிலோ, ரியாத்திலோ, கோலாலம்பூரிலோ இருக்கிற ஊர்களில் இது சிறிய கேள்வி அன்று.

துபையில் தேராவிலோ, ஷார்ஜாவில் ரோலாவிலோ நம்மவர்கள் குடியிருக்கும் ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். இரண்டடுக்குக் கட்டில்கள் நான்கு. ஆட்கள் எட்டுப் பேர். இஷா தொழுது, மெஸ் சாப்பாடும் முடிந்து, சுலைமானி டீ கைக்கு வந்ததும் பேச்சு தொடங்கும். வாடகை ஏறப் போகிறதாம். விசாச் சட்டம் மாறப் போகிறதாம். இன்ன கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம். அரபி ஒருவர் தம் டிரைவரை நடுரோட்டில் இறக்கி விட்டாராம். எல்லாமே 'ஆம்' என்றுதான் முடியும். தமிழிலே இந்த 'ஆம்' இருக்கிறதே, மிகவும் வசதியான விகுதி! செய்தியைச் சொல்லியும் ஆயிற்று, பொறுப்பிலிருந்து நழுவியும் ஆயிற்று. ஆனால் காதில் விழுந்ததையெல்லாம் வாயால் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் அருமை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த ஹதீஸை இமாம் முஸ்லிம் அவர்கள் தமது கிரந்தத்தின் முகவுரையிலேயே கொண்டு வந்து வைத்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு முன்னால் நம்முடைய 'ஆம்' எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசிக்க வேண்டும்.

இந்தப் பேச்சே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. பகலெல்லாம் வெயிலிலும் தூசியிலும் நின்றவருக்கு இரவில் வாய் திறந்து பேச நாலு பேர் கிடைப்பதும் ஒரு நிஃமத்தே. அந்தப் பேச்சு அறையோடு நிற்பதில்லை என்பதுதான் விஷயம். எண்பதுகளில் அது கடிதத்திலும் ஒலிநாடாவிலும் ஏறி ஊருக்கு வந்து சேர வாரக் கணக்காகும். அதற்குள் பாதிச் செய்தி பொய்யென்று அங்கேயே தெரிந்துவிடும். இன்று வாட்ஸப்பில் பேச்சுச் சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஊரிலிருக்கும் உம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் அந்த நாட்டைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். அவர் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் அந்த நாடு அவர்களுக்கு. மச்சான் சொன்னார் என்று நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டுகிற வீடு உண்டு. காக்கா பயமுறுத்தினார் என்று நல்ல வேலையைக் கை நழுவ விட்ட தம்பியும் உண்டு. ஆகவே சபுராளியின் பேச்சு வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அது ஷஹாதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

அந்நிய மண்ணில் குடியேறி, அந்த மண்ணின் செய்தியைப் பேசியவர்கள் நம்முடைய வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறார்கள். தீனுக்காகச் செய்த ஹிஜ்ரத் வேறு, பிழைப்புக்காகப் போகும் பயணம் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. புதிய ஊரில் மனிதனுடைய நாவு படும் பாடு மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

மக்கமாநகரை விட்டு மதீனமாநகருக்கு வந்த ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஊரின் நடுவில் குடியிருக்கவில்லை. அவாலீ என்னும் மேட்டுப் பகுதியில், பனூ உமைய்யா இப்னு ஸைத் என்னும் கிளையாரின் இடத்தில் அவர்களுடைய வீடு. பக்கத்து வீட்டில் ஓர் அன்ஸாரி. இருவரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்துக்குப் போய்வருவார், மறுநாள் மற்றவர். போய்வந்தவர் அன்றைய வஹீயையும் ஏனைய செய்திகளையும் வீட்டில் இருந்தவருக்குச் சொல்ல வேண்டும். புகாரி ஷரீபில் இது உமர் (ரலி) அவர்களின் வாய்மொழியாகவே விரிவாக வந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உமர் (ரலி) அவர்கள் தம்மோடு வந்த குறைஷியர் ஒருவரைக் கூட்டாளியாக்கிக் கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வந்தவரும் ஊர்க்காரரும் முறை போட்டுக்கொண்டு ஒருவருக்கு ஒருவர் செய்தி கொண்டுவந்தார்கள். நம் அறைகளில் எட்டுப் பேரும் ஒரே ஜில்லாக்காரர்கள். பல அறைகளில் எட்டுப் பேரும் ஒரே தெருக்காரர்கள். ஒரு செய்தி எட்டுக் கட்டிலையும் சுற்றி வந்துவிட்டால், ஒன்பதாம் முறை அது உண்மையாகிவிடுகிறது. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார்ப்போமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பத்து வருஷம் அங்கே இருந்தும், வேலை விஷயத்தைத் தவிர வேறு எதையும் ஓர் அரபியிடம் பேசியிராதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஓர் இரவு அந்த அன்ஸாரி வந்து கதவைப் பலமாகத் தட்டினார். கஸ்ஸான் கூட்டத்தார் மதீனாவின் மீது படையெடுக்கக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்த சமயம் அது. கஸ்ஸான் வந்துவிட்டதா என்றுதான் உமர் (ரலி) அவர்கள் பதறிக் கேட்டார்கள். அதைவிடப் பெரிய சங்கதி, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களும் அம்மனைவியரில் ஒருவர். அந்தச் செய்தி ஒரு தகப்பனின் நெஞ்சில் எப்படிப் பாய்ந்திருக்கும்!

அவர்கள் செய்தது என்ன? பஜ்ரைத் தொழுதார்கள். மகளிடம் போனார்கள்; அவர் அழுதுகொண்டிருந்தார். தலாக் சொன்னது மெய்தானா என்று கேட்டார்கள்; தமக்குத் தெரியவில்லை என்றார். பள்ளிவாசலுக்கு வந்தார்கள், மிம்பருக்கருகே சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அழுகையைக் கண்ட பிறகும் அதை ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தங்கியிருந்த மேலறைக்கு வந்து, ஏவலர் மூலம் அனுமதி கேட்டார்கள். பதில் வரவில்லை. திரும்பவும் கேட்டார்கள். மூன்றாம் முறைதான் அனுமதி கிடைத்தது. பாயின் வரிகள் திருமேனியில் பதிந்திருக்கக் கண்டார்கள். நின்றபடியே கேட்டார்கள்: தலாக் உண்டா? இல்லை என்று பதில் வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாத காலம் மனைவியரை விட்டு ஒதுங்கியிருக்கச் சத்தியம் செய்திருந்தார்கள், விஷயம் அவ்வளவே. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் மற்றோர் அறிவிப்பின்படி, உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசலின் வாசலில் வந்து நின்று, தலாக் இல்லை என்று உரத்த குரலில் அறிவித்தார்கள். செய்தி கிடைத்தவுடன் பரப்புவதைக் கண்டித்து, அதை விவரம் அறிந்தவர்களிடம் கொண்டுபோகச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 83-ஆம் திருவசனம் இதையொட்டியே அருளப் பெற்றது என்றும் அந்த அறிவிப்பு கூறுகிறது.

அந்த அன்ஸாரி பொய்யரா? அல்லர். நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுங்கியிருந்தது மெய். அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. நம்மவர்களின் பேச்சில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முழுப்பொய் சொல்லுகிறவர் குறைவு. பார்த்த அரைச் செய்தியோடு தாமே அரைச் செய்தியைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறவர்கள்தான் நிறைய.

அதே ஹதீஸில் இன்னொரு சுவையான இடம் இருக்கிறது. குறைஷியராகிய நாங்கள் பெண்களை அடக்கி வைத்திருந்தவர்கள். மதீனாவுக்கு வந்தால் இங்கே பெண்கள் ஆண்களை மிஞ்சியிருக்கிறார்கள். எங்கள் பெண்களும் இவர்களைப் பார்த்து எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் நாயகத்தின் திருமுன் சொன்னார்கள். குடியேறிய ஊரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஒரு குடியேறியவர் சொன்ன கருத்து இது! சிங்கப்பூரிலும் லண்டனிலும் குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்கள் இன்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் ஏறத்தாழ இதையேதான். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டுப் புன்னகை புரிந்தார்கள், கண்டிக்கவில்லை. அதே மதீனத்து அன்ஸாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பேசியிருக்கிறார்கள். மார்க்க விளக்கம் கேட்பதற்கு நாணம் அவர்களைத் தடுத்ததில்லை என்று மெச்சினார்கள். வாய் திறந்து பேசும் அதே குணம் ஒருவர் கண்ணுக்கு எதிர்ப்பாகப் பட்டது. மற்றவர் கண்ணுக்கு அறிவு வேட்கையாகப் பட்டது. உமர் (ரலி) அவர்கள் கண்டது பொய்யன்று. சொல்லும்போது 'நாங்கள் இப்படி இருந்தோம்' என்று தம்மையும் தட்டில் ஏற்றித்தான் எடை பார்த்தார்கள். நம்முடைய பேச்சில் அது இருப்பதில்லை. நம்முடைய தராசில் ஒரு தட்டுத்தான்!

இங்கே கீபத்தைப் பற்றி ஒரு வாதம் எழும். ஒரு குறிப்பிட்ட ஆளைப் பேசினால்தானே கீபத், 'அரபி அப்படித்தான்', 'பட்டான் இப்படித்தான்', 'மலையாளியை நம்பாதே' என்றால் யாரைப் புறம் பேசினோம் என்று கேட்பார்கள். சட்ட நுணுக்கத்தில் கீபத்துக்கு ஆள் குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்ன ஆலிம்கள் உண்டு என்பது மெய்தான். ஆனால் இப்னு மாஜாவில் வரும் ஒரு ஹதீஸ் இந்த வழியையும் அடைத்துவிடுகிறது. ஒரு மனிதனோடு வசை பாடப் புகுந்து, அவனுடைய கோத்திரம் முழுவதையும் சேர்த்து வசை பாடுகிறவனை, மனிதர்களில் மிகப் பெரிய அவதூறுக்காரர்களின் வரிசையில் அது வைக்கிறது. காரணத்தை யோசித்தால் நடுக்கம் வருகிறது. ஒரு முதீர் நம்மிடம் கடுமையாக நடந்தார் என்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்கவோ, அவரை மன்னிக்கவோ வழி இருக்கிறது. ஒரு சமுதாயம் முழுவதையும் பேசிவிட்டு, மறுமையில் ஆயிரமாயிரம் பேரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

நம்மை அவர்கள் அப்படிப் பேசும்போது மட்டும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. டாக்டரானாலும் கூலியாளானாலும் 'ஹிந்தி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள் என்று வருந்தாதவர் யார்? முஹாஜிர்களுக்கும் இந்த அடி விழுந்தது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும்போது தண்ணீர் எடுக்கும் இடத்தில் இருவருக்குள் தகராறு. ஒருவர் முஹாஜிர்களே என்று கூவ, மற்றவர் அன்ஸாரிகளே என்று கூவ, அதைச் சாக்காக வைத்து, வந்தேறிகளை ஊரை விட்டு விரட்டுவோம் என்ற தோரணையில் அப்துல்லாஹ் இப்னு உபை பேசினான். அல்முனாபிகூன் அத்தியாயத்தின் 8-ஆம் திருவசனம் அதைப் பதிவு செய்திருக்கிறது. அவன் அந்த ஊர்க்காரன். அவன் பேச்சைக் கேட்டுப் பொறுக்க மாட்டாமல் நாயகத்திடம் வந்து சொன்ன இளைஞர் ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்களும் அந்த ஊர்க்காரரே. ஆகவே 'அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்' என்று ஒரே மூச்சில் சொல்ல அங்கேயும் இடமில்லாமல் போயிற்று.

சரி, நன்றியின் விஷயத்துக்கு வருவோம். சோறு போடும் நாட்டில் அநீதி நடந்தாலும் வாய் மூடி இருப்பதுதான் நன்றி என்று சிலர் நினைக்கிறார்கள். இதை நாம் ஏற்க மாட்டோம். சம்பளம் சதகா அன்று. வியர்வையை விற்று வாங்கிய கூலி அது. வியர்வை உலர்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கூலி. கொடுத்தவர் கடனைத் தீர்த்தார்; வாங்கியவர் அதற்காகத் தம் நாவை அடகு வைக்கவில்லை. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹுத்தஆலா விரும்புவதில்லை என்று கூறும் அந்நிஸாவின் 148-ஆம் திருவசனம், அநீதி இழைக்கப்பட்டவரை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. அபூஸுப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் செலவுக்குப் போதுமானது தருவதில்லை என்று நாயகத்திடம் முறையிட்டார்கள். அதைக் கீபத் என்று யாரும் தடுக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி, இமாம் நவவி போன்றோர் கீபத் ஆகுமாகும் இடங்களை எண்ணிக் காட்டியபோது முதலில் வைத்தது அநீதிக்கு ஆளானவரின் முறையீட்டைத்தான்.

ஆனால் ஹிந்த் (ரலி) அவர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்பதைப் பாருங்கள். தீர்த்து வைக்கக் கூடியவரிடம் சொன்னார்கள். அறையில் உள்ள ஏழு பேரிடம் ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருக்கும் குறை முறையீடு ஆகாது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கூலியை வங்கி வழியாகவே செலுத்தி, அதை அரசு கண்காணிக்கும் முறை அங்கே 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது அங்கேயும் ஸவூதியிலும் சட்டத்துக்கு விரோதம். இவையும் அந்த நாட்டுச் செய்திகள்தானே! அரண்மனை வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை கார் வந்தது என்று தெரிந்த அறையில், இவற்றைத் தெரிந்தவர் இருவர் இருந்தால் அதிகம். தமக்கு உதவும் செய்தியை விட்டுவிட்டுத் தமக்குச் சம்பந்தமில்லாத செய்தியில் இரவைக் கழிப்பதை என்னவென்று சொல்வது?

சட்டத்துக்குப் பயந்து வாயை மூடுகிறவர்களும் உண்டு. அமீரகத்தில் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம், வதந்தியையும் பொய்ச் செய்தியையும் இணையத்தில் பரப்புவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. எழுதிய ஒரு வரிக்காக வேலையும் விசாவும் போய்விடலாம் என்பதால், வீட்டில் உள்ளவர்களும் அங்கிருப்பவருக்கு எதை அனுப்புகிறோம் என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். போலீஸுக்குப் பயந்து போனில் பேசாததை, அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அல்லாஹ்வின் பதிவேட்டில் ஏறாமல் போகுமா என்பதையும் அந்தச் சகோதரர்கள் யோசிக்கட்டும்.

மார்க்கத்தின் பெயரால் நடக்கும் அறைப் பேச்சு தனி ரகம். அமீரகத்து அரசு அலுவலகங்களில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை என்றும், வெள்ளி அரைநாள் வேலை என்றும் மாற்றினார்கள். ஷார்ஜாவில் மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை ஆயிற்று. உடனே அறைக்கு அறை பத்வா! ஜும்ஆ நாளையே விட்டுக் கொடுத்துவிட்டார்கள், தீன் போயிற்று என்றார்கள். அல்ஜுமுஆ அத்தியாயத்தின் 9, 10 ஆகிய திருவசனங்களை ஓதியவர் அறையில் ஒருவராவது இருந்திருந்தால் பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும். அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டு விரையும்படியும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடும்படியும் அவை சொல்லுகின்றன. நாள் முழுவதும் வேலை கூடாது என்ற சட்டம் யூதர்களின் சனிக்கிழமைக்கு உரியது; ஜும்ஆவுக்கு அது இல்லை. விடுமுறை மாறியது பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், அதில் பாவமில்லை. ஆட்சியாளரின் ஈமானை அளக்க நமக்கு யார் படி கொடுத்தது? ஊருக்கு வெளியே மணலில் கட்டடம் கட்டும் நம் பிள்ளைகளுக்கு ஜும்ஆவுக்குப் போக வண்டி கிடைக்கிறதா, போர்மேன் விடுகிறாரா என்பதை அந்த அறைகள் அன்று பேசியிருந்தால் பிரயோஜனம் இருந்திருக்கும்.

2024 ஏப்ரல் 16-இல் அமீரகத்தில் பெய்த மழையை எல்லோரும் அறிவோம். அந்நாட்டில் 1949 முதல் இருக்கும் பதிவுகளில் அவ்வளவு மழை கண்டதில்லை; அல்ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியது. துபை விமான நிலையத்து ஓடுபாதை குளமாயிற்று. மேகத்தில் உப்புத் தூவிச் செயற்கை மழை வரவழைத்தார்கள், அது கைமீறிவிட்டது என்ற செய்தி அன்றே உலகைச் சுற்றியது. அந்த மழையின்போது அப்படி எதுவும் செய்யவில்லை என்று அந்நாட்டு வானிலை மையம் மறுத்தது. அத்தனை பெரிய புயல் மழைக்கு உப்புத் தூவல் காரணமாக முடியாது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகளும் கூறினர். இன்றுவரை நம் ஊர்த் திண்ணையில் அந்த முதற்செய்திதான் வாழ்கிறது. மறுப்பு கப்பலேறவே இல்லை. இன்னும் சிலர், ஆடம்பரத்துக்கு அல்லாஹ் கொடுத்த தண்டனை என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அதே மழையில் பக்கத்து ஓமானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். அந்தப் பச்சிளம் பிள்ளைகள் என்ன ஆடம்பரம் செய்தார்கள்? அல்லாஹ்வின் நாட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்போலப் பேசுவது, உப்புத் தூவிய கதையைவிடப் பெரிய துணிச்சல் என்று நாம் கருதுகிறோம்.

நன்றி என்பது வாய் மூடுவதும் அல்ல, வாயாரப் புகழ்வதும் அல்ல என்றால், அது எப்படித்தான் இருக்கும்? ஹபஷாவுக்குப் போவோம். மக்கத்துக் காபிர்களின் கொடுமை தாங்காமல் அங்கே அடைக்கலம் புகுந்த முஸ்லிம்கள், நஜ்ஜாஷி மன்னரின் நிழலில் நிம்மதியாக இருந்தார்கள். அப்போது மன்னருக்கு எதிராக ஒருவன் கிளம்பினான். போர் நைல் நதியின் அக்கரையில். வெல்லப் போவது யார் என்று தெரியாமல் முஸ்லிம்கள் துடித்த துடிப்பை, அவர்களோடு இருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் எடுத்துரைத்திருக்கிறார்கள். நேரில் பார்த்துச் செய்தி கொண்டுவர யார் போவது என்று கேட்டபோது, கூட்டத்திலேயே இளையவரான ஸுபைர் (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். ஒரு தோல் துருத்தியைக் காற்றடைத்துக் கொடுத்தார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்து, களத்தைக் கண்ணால் கண்டுவந்தார்கள். இக்கரையில் இருந்தவர்கள் மன்னரின் வெற்றிக்காக துஆச் செய்தபடி இருந்தார்கள். ஸுபைர் (ரலி) அவர்கள் துணியை அசைத்துக்கொண்டு ஓடிவந்து, நஜ்ஜாஷி வென்றார் என்று சொன்னபோது, அதுபோன்ற மகிழ்ச்சியைத் தாங்கள் கண்டதில்லை என்கிறார்கள் அன்னையார். ஊகம் பேசி உட்கார்ந்திருக்கவில்லை. ஆளை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த நாடு வாழ்ந்தால் தாமும் வாழ்வோம் என்று தெரிந்திருந்தார்கள்.

நம்முடைய காலத்தில் இதை உணர்த்தியது குவைத். 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் படை உள்ளே நுழைந்தபோது, அதுவரை குவைத்திகளைக் குறை பேசிய வாய்களும் சேர்ந்தே அலறின. அடுத்து வந்த வாரங்களில் ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டார்கள். வங்கிப் பணமும், வாங்கி வைத்த சாமானும், வர வேண்டிய சம்பளமும் அங்கேயே நின்றன. அவர்களுடைய நாடு என்று நாம் பேசிய நாட்டில் நம்முடைய பங்கு எவ்வளவு இருந்தது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

நம் முன்னோரில் சிலர் இதை முன்பே அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிம் பெருமகனார் ஒரு வார இதழ் தொடங்கினார். தமிழில் அச்சிட்டு, தமிழர்க்கு அந்த ஊர்ச் செய்தியையும் பிற ஊர்ச் செய்தியையும் சொன்ன இதழ். அவர் அதற்கு வைத்த பெயர் 'சிங்கை நேசன்'. பிழைக்கப் போன ஊரின் செய்தியைப் பேச ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, நேசன் என்ற சொல் அவர் நெஞ்சில் எழுந்ததே! பெயர் போட்டு அச்சில் ஏற்றிய பேச்சு அது. அதற்கு அவர் பொறுப்பாளி. 'ஆம்' என்று நழுவ அங்கே இடமில்லை.

நேசம் என்றால் கஷ்டத்தை மறைப்பது என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். ஜஃபர் (ரலி) அவர்களோடு ஹபஷாவில் பல வருஷம் இருந்துவிட்டு, கைபர் வெற்றியின்போது மதீனா வந்து சேர்ந்தவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள். ஹப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் அவர்களைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இவர்தான் அந்த ஹபஷாக்காரரா, கடல்காரரா என்று கேட்டார்கள். (சிங்கப்பூரார் வீடு, பினாங்கார் வீடு, துபைக்காரர் என்று நம் தெருக்களில் அழைக்கிறோமே, அதே வழக்கம்!) ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திக்கொண்டோம் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதும் அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நாயகத்தின் அருகில் இருந்தீர்கள், நாங்களோ தொலைவான, எங்களுக்கு ஒவ்வாத அந்நிய மண்ணில் தொல்லையும் அச்சமும் பட்டுக்கொண்டிருந்தோம் என்று படபடவென்று சொல்லிவிட்டு, நாயகத்திடமே முறையிட்டார்கள். பொய் சொல்லமாட்டேன், ஒரு வார்த்தையும் கூட்டமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் முறையிட்டார்கள். உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்தின் நன்மை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் அருளினார்கள்.

அதே அஸ்மா (ரலி) அவர்கள்தான், நாயகத்தின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களின் இறுதி நாட்களில் பக்கத்தில் இருந்தார்கள். பெண்ணின் ஜனாஸாவின் மேல் ஒரு துணியை மட்டும் போட்டுத் தூக்கினால் உடல் வடிவம் தெரிகிறதே என்று பாத்திமா (ரலி) அவர்கள் வருந்தினார்கள். ஹபஷாவில் நான் பார்த்த ஒன்றைக் காட்டட்டுமா என்று கேட்டு, அஸ்மா (ரலி) அவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டைகளை வரவழைத்து, வளைத்துக் கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்திக் காட்டினார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பாத்திமா (ரலி) அவர்கள் மனம் குளிர்ந்தார்கள். தமக்கும் அப்படியே செய்யச் சொன்னார்கள். அப்படியே செய்யப்பட்டது.